பாம்பும் நிலாவும் மேல் தட்டு முட்டைகளும்

அவருக்குத் தராசு என்று பேர் வைத்தது யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்த ஆள் வேலையை விட்டுப் போயாயிற்று, பேர் மட்டும் தங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் "ஒரு பக்கம் பார்த்தா..." என்று ஆரம்பிப்பார். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டால்கூட ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் தூசி. கேட்டவர் அதற்குள் எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்திருப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தன் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். அதில் அவருக்கு ஒரு வீம்பே உண்டு. சம்பளம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. "தன் ஆதாயத்துக்காகச் செய்தான்" என்று எவராவது சொல்லிவிட்டால் போச்சு, மனுஷனுக்குச் சோறு இறங்காது.

வேலை செய்த இடம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கோழிப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன அல்லவா, ஆள் உயரப் பீரோ மாதிரி, அவற்றின் மூளைப் பெட்டியைச் செய்கிற கம்பெனி. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எப்போது எந்தத் தட்டைச் சாய்த்து முட்டைகளைத் திருப்புவது என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் பார்த்துக்கொள்ளும். தாய்க்கோழி அலகால் செய்வதை இது மோட்டாரால் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். திருப்பாமல் விட்டால் முட்டைக்குள் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், குஞ்சு வராது. சோதித்துப் பார்க்க அலுவலக மூலையில் ஓர் எந்திரம் நின்றது. அதில் முட்டைக்குப் பதிலாக டேபிள் டென்னிஸ் பந்துகள். மேல் தட்டை மட்டும் எப்போதோ கழற்றிவிட்டு அந்த இடத்தில் டீக் கோப்பைகளை வைத்திருந்தார்கள். டீ ஆறாமல் இருக்கும்.

தராசு அங்கே சேர்ந்தது கம்பி பற்றவைக்க. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பண்ணைக்காரரும் ஒவ்வொன்று கேட்பார். ஒருத்தருக்கு வாத்து, இன்னொருத்தருக்குக் காடை. ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பிரித்து மேய வேண்டியிருந்தது. இது கதைக்காகாது என்று தராசு எங்கெங்கோ தேடிப் பிடித்து வந்ததுதான் லுவா. கணினிக்குக் கட்டளை எழுதுகிற சின்ன மொழி. பெட்டிக்குள் இருக்கிற கையளவு நினைவகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும், இடம் போதவில்லை என்று முனகாது. சூடு இதற்கு மேல் போனால் விசிறியைப் போடு என்று ஒரு வரி எழுதினால் போதும், பண்ணைக்காரர்களே அந்த வரியை மாற்றிக்கொள்ளலாம். மின்சாரம் போய் வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நிற்கும். லுவா என்றால் அது பிறந்த நாட்டுப் பாஷையில் நிலா என்று அர்த்தமாம். அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அது நிலா. தராசு பதினைந்து வருஷமாக நிலாவிலேயே குடியிருந்தார். வேறு மொழி அவருக்கு வராது, வர வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த அவசியத்தைக் கொண்டுவந்தது புது மாடல். முதலாளி ஓர் அம்மாள், எல்லாருக்கும் மேடம். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி விசிறி விற்று மேலே வந்தவர். யோசிக்கிற நேரத்தில் இன்னும் நாலு விசிறி விற்கலாம் என்று நினைக்கிற ரகம். புது மாடலுக்குப் பழைய நிலாவே போதுமா, இல்லை ஊரெல்லாம் எழுதுகிற பைதானுக்குப் போய்விடலாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பைதானுக்கு அலுவலகத்தில் பேர் பாம்பு. அது பெரிய மொழி, எந்த வேலைக்கும் வரும். போனுக்குச் செய்தி அனுப்ப, வரைபடம் போட, வானிலை பார்க்க, எல்லாவற்றுக்கும் யாரோ எழுதிவைத்தது தயாராகக் கிடைக்கும். தெரிந்த ஆள் வேண்டுமா, தடுக்கி விழுந்தால் ஒருத்தர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் அதற்குப் பெரிய சர்க்யூட் போர்டு வேண்டும், மின்சாரம் போய் வந்தால் சோம்பல் முறித்து எழுந்திருக்கவும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மேடம் முடிவைத் தராசிடமே விட்டார். ரெண்டையும் நீங்களே வைத்துப் பாருங்கள், நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் என்று சொல்லிவிட்டார். இதில் இருந்த வம்பு எல்லாருக்கும் தெரியும். பாம்பு வந்தால் தராசுக்கு வேலை இல்லை. பைதானைக் கரைத்துக் குடித்த பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள், தராசின் மேஜைக்கு எதிர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. அவளைப் பார்க்கும்போதெல்லாம் தராசுக்குத் தன் நாற்காலி ஒரு பக்கம் ஆடுவது போல இருந்தது.

அவர் வஞ்சகமில்லாமல்தான் வேலையை ஆரம்பித்தார். ஒரே எந்திரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டார். போர்டு எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பதில் ஒன்றுதான் வந்தது. ஒரு பீரோவுக்குள் தட்டைச் சாய்க்க மலைப்பாம்பு எதற்கு, நிலா போதும். தராசுக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையும் தன் பிழைப்பும் ஒரே பக்கம் நிற்பது வாழ்க்கையில் எத்தனை தடவை நடக்கும்?

நிம்மதி மாடிப்படி இறங்குகிற வரைதான். கீழே, அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற பெண் டயர் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அவரு நிலான்னுதான் சொல்வாரு. தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போட்டுக்க அவருக்கென்ன பைத்தியமா?" குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பதைச் சொல்வது மாதிரி சொன்னாள். டயர் கடைக்காரரும், ஆமாம், பிழைக்கத் தெரிந்தவர் என்று ஒத்துக்கொண்டார்.

தராசு திரும்பி மேலே ஏறிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் அடுத்தவர்கள் செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான் அவள் வேலை. முழுக்கக் கேட்டாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுது?"

"நிலாதான்."

"அப்ப அதச் சொல்லுங்க."

"சொன்னா எனக்காகத்தான் சொன்னேன்னு ஆகிடுமே."

"உண்மை உங்களுக்கு நல்லது பண்ணினா அது பொய்யாயிடுமா?"

தராசு அதற்கு ஒரு பக்கம் பார்த்தால் என்று ஆரம்பித்தார். அவள் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.

கூட்டத்தில் அவர் பாம்பு என்றார். மேடமே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைவிட வேடிக்கை, எதிர் மேஜைப் பெண் மறுத்துப் பேசினாள். தனக்குப் பைதான்தான் கைவந்தது என்றாலும் இந்த எந்திரத்துக்கு நிலாதான் பொருத்தம், தான் லுவா கற்றுக்கொள்ளவும் தயார் என்றாள். தராசுக்குச் சாதகமாக உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் பேசினாள், தராசு அவளை விட்டாரா? ஒவ்வொரு பாயிண்டாக மடக்கினார். நாளைக்கு நான் இல்லையென்றால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பாம்பின் அருமை பெருமைகளை அவர் பேசப் பேச, பாம்பு தெரிந்த பெண்ணே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மேடம் சரி என்று கையை விரித்தார். தராசு கம்பீரமாக எழுந்தார். தன் தலையில் தானே கொள்ளி வைத்துக்கொள்கிறவர்கள் முகத்தில் ஒரு பிரகாசம் இருக்கும், அது அவர் முகத்தில் இருந்தது.

தட்டுகளைத் திருப்புகிற பகுதியை மட்டும் தானே எழுதுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். முட்டை விஷயம், அது அவருக்குத்தான் தெரியும். புது மொழியை உட்கார்ந்து கற்றார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நிலா நம்மைப் போல ஒன்று, இரண்டு என்று எண்ணும். பாம்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும். நிலாவில் ஒன்றாம் தட்டு என்றால் பாம்பில் பூஜ்யமாம் தட்டு. ஒன்றிலிருந்து எண்ணிப் பழகியவர்கள் பாம்புக்குப் போனால் இதில்தான் வழுக்கி விழுவார்கள். தராசுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எதிர் மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்து, இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அவள் பிறந்ததிலிருந்து பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவள். பொறுமையாகக் கேட்டாள்.

பழைய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புது மொழிக்கு மாற்றினார். ஒன்று வந்த இடத்திலெல்லாம் பூஜ்யம் போட்டார். ஓர் இடத்தில் மட்டும் கை பழக்கத்தில் ஒன்றையே போட்டுவிட்டது. மேல் தட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததிலிருந்து திருப்பிக்கொண்டு போய், எல்லாத் தட்டுகளும் திரும்பிவிட்டன என்று திரையில் பச்சை எழுத்தில் காட்டியது பெட்டி. சோதனை எந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பந்துகள் அழகாகச் சாய்ந்தன. மேல் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் டீக் கோப்பைகள் ஆடாமல் அசையாமல் நின்றன. அவை ஆடியிருந்தால்தான் எல்லாரும் பதறியிருப்பார்கள்.

முதல் பெட்டி தராசின் பழைய வாடிக்கையாளரான ஒரு பண்ணைக்காரருக்குப் போனது. அவருக்கு வாய் சும்மா இருக்காது. பெட்டிக்குள் பைதான் என்று கேட்டதும், முட்டை இருக்கிற இடத்தில் பாம்பை விடுகிறீர்களே, இது அடுக்குமா என்று சிரித்தார். பிறகு நிஜமாகவே கேட்டார், நம்பி வைக்கலாமா என்று. அவர் பல வருஷமாகச் சேர்த்து வளர்த்த ஒரு கறுப்பு ஜாதிக் கோழி இருந்தது. அதன் முட்டைகளை முதல் முறையாகப் பொரிக்க வைக்கப் போகிறார். தராசு வைக்கலாம் என்றார். "நீங்க சொன்னா சரி. உங்க வாயில பொய் வராது" என்று பண்ணைக்காரர் அந்த முட்டைகளைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மேல் தட்டில் அடுக்கினார். மற்றத் தட்டுகளில் சாதாரண முட்டைகள். எந்திரக் கதவின் கண்ணாடி மேல் தட்டு வரை எட்டாது. கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்று மூன்று வாரமும் யாரும் அனாவசியமாகத் திறக்கவில்லை.

குஞ்சு பொரிக்கிற அன்றைக்குப் பண்ணைக்காரர் போன் செய்தார். கீழே எல்லாத் தட்டும் கீச் கீச் என்று கத்துகின்றன, மேல் தட்டில் மட்டும் சத்தமே இல்லை என்றார். தராசு போய்ப் பார்த்தார். ஒரு முட்டையை உடைத்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே, கையைக்கூடக் கழுவாமல், பண்ணைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு என்னோடது. நான் எழுதினதுல ஒரு எடத்துல எண்ணிக்கை பிசகிடுச்சு. மேல் தட்டு திரும்பவே இல்ல."

பண்ணைக்காரர் அந்தத் தட்டை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, மனுஷன் என்றால் தப்பு வரத்தான் செய்யும், கோழி இருக்கிறது, இன்னும் முட்டை போடும் என்று சொல்லித் தராசுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தராசு தாங்கியிருப்பார், இது தாங்கவில்லை.

அலுவலகத்திலும் வந்து அதையே சொன்னார். என் தப்பு, மொழி மேல் பழி இல்லை என்றார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பூஜ்யத்தையும் ஒன்றையும் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தின மனுஷன், அதே இடத்தில் போய் விழுவாரா? எதிர் மேஜைப் பெண் முதலில் மெல்லச் சிரித்தாள். கணக்குப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்துவந்து அவர் தோளைத் தட்டினார்.

"வாயால நிலான்னு சொல்லியிருந்தா உங்க வேலைக்காகச் சொன்னீங்கன்னு நாங்க நெனச்சிருப்போம்னு தெரிஞ்சு, முட்டையால சொல்லிட்டீங்க. கில்லாடி சார் நீங்க."

அன்றைக்கே முடிவாகிவிட்டது, புது மாடலுக்கும் நிலாதான். தராசு மறுத்தார். இது நியாயமில்லை, தப்புச் செய்தது நான், தண்டனை மட்டும் பாம்புக்கா என்றார். ஒரே எழுத்தைத் திருத்திவிட்டால் அது ஒழுங்காக ஓடும் என்றார். அவர் மறுக்க மறுக்க அவர்கள் தலையாட்டிக்கொண்டே சிரித்தார்கள். பாருங்கள், இப்பவும் எவ்வளவு இயல்பாகப் பேசுகிறார் என்று கணக்குப் பெண் மெச்சினாள். மேடம் அவரைத் தொழில்நுட்பத் தலைவர் ஆக்கி, கண்ணாடிக் கதவு போட்ட அறையையும் கொடுத்தார். பதினைந்து வருஷம் நேர்மையாக இருந்தபோது கிடைக்காத மரியாதை, அயோக்கியன் என்று பேர் வாங்கிய மறுநாளே கிடைத்தது. எதிர் மேஜைப் பெண் வந்து, சார், இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றாள். மொழியைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துப் புத்தகத்தை எடுத்தார். அவள் மொழியைச் சொல்லவில்லை.

இதோடு போயிருந்தால் தராசு எப்படியோ மென்று விழுங்கியிருப்பார். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பண்ணைக்காரரிடமிருந்து போன் வந்தது. அலுவலகத்திலிருந்து யாரோ பெட்டியை மாற்றப் போன இடத்தில், எங்கள் சார் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா என்று பெருமையாகக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். பண்ணைக்காரர் அன்றைக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டீங்களாமே."

தராசு இல்லை என்று சொல்வதற்குள் அவரே பேசினார்.

"வேலை போகாம இருக்க என்ன வேணா பண்ணுங்க, நான் கேக்கல. என் முட்டைதானா கெடைச்சுது உங்களுக்கு?"

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தராசு கண்ணாடிக் கதவு அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே போகிறவர்கள் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இவளும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்ற எண்ணம் படியேறும்போது வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"நீங்களா? சதியா?" என்றாள். "அதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணுமேங்க. உங்களுக்கு ஏது?"

தராசு அழுதுவிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, திட்டினதற்காக அழுகிறாரோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இத அவர்கிட்டச் சொல்லு. நான் சொன்னா எடுபடாது."

அவளுடைய எண் தெரியாதது என்பதால் பண்ணைக்காரர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். தான் யார் என்று சொன்னாள், கோபமாக இருக்கிறீர்கள், நியாயம்தான், நான் அவருக்காக வக்காலத்து வாங்க வரவில்லை, ஆனால் என் புருஷனை உங்களைவிட எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தாள். அவள் குரலில் கனிவு கினிவு ஒன்றும் இல்லை, சிக்னலில் எஞ்சினை அணையவிட்ட மாணவனிடம் பேசுகிற குரல்தான்.

"சதி பண்றவன் கொஞ்ச நாளாவது வாய மூடிக்கிட்டு இருக்கணும் இல்லீங்களா? இவரால முடியாது. ஒரே ஒரு தடவை காய்ச்சல்னு பொய் சொல்லி லீவு போட்டாரு. சாயந்திரமே அந்த மேடத்துக்கு போன் பண்ணி, எனக்குக் காய்ச்சல் இல்லீங்க, நாளைக்கும் வரமாட்டேன்னாரு. எனக்குத் தெரியாம ஒரு பொறந்த நாளுக்குப் பொடவை வாங்கி ஒளிச்சு வெச்சாரு. வெச்ச எடத்த மறந்துட்டு, எங்கிட்டயே வந்து தேடித் தரச் சொன்னாரு."

அவள் அதோடு விடவில்லை. பழைய வீட்டை விற்றபோது, வாங்க வந்தவர் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூரை ஒழுகுகிற இடத்தைக் காட்டியது, ரயிலில் முந்தின நாள் டிக்கெட்டோடு ஏறி, பரிசோதகர் கவனிக்காமல் போனதும் பெட்டி பெட்டியாக அவரைத் தேடிக்கொண்டு போனது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தராசு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதைக்கும், ஆமாம், இதுவும் நடந்தது என்று தலையாட்டினார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவசரமாகக் குனிந்து போனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"டிரைவிங் டெஸ்ட்டை விட்டுட்டியே."

"அட ஆமா. நானே சொல்லிக்கொடுத்து டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேங்க. வண்டி ஓரத்துல வெச்சிருந்த கூம்ப இடிச்சத அதிகாரி பாக்கல. இவரே எறங்கிப் போய்க் காமிச்சுக் கொடுத்து ஃபெயில் ஆனாரு. இந்த மனுஷனா உங்க முட்டைய வெச்சுத் திட்டம் போடுவாரு?"

போனிலிருந்து முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. பண்ணைக்காரர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏம்மா, இவ்வளவு வெகுளிய நம்பியா நான் முட்டைய வெச்சேன்?" என்றார். "சரி, வரச் சொல்லுங்க. அடுத்த தடவ எந்திரம் வேணாம், அந்த மனுஷனையே உக்காத்தி அடைகாக்க வெக்கிறேன்."

தன்னை ஒரு மனுஷன் முழு மடையன் என்று மனசார நம்பிவிட்டதில் தராசுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மனைவி போனை வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவோ இருந்தது, ஞாபகம் வரவில்லை என்று வருத்தப்பட்டாள். மறுநாள் காலை அவர் மேடத்துக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமாட்டேன், காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பண்ணைக்குப் போனார்.